பல்லி மருந்து

முகமது இப்ராஹிம் வீட்டு மாடி அறை ஏர்கான் ஆறு மாதத்தில் இரண்டாம் தடவையாகச் செத்தது. இப்ராஹிம் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒன்பது ஏர்கான். ஒன்பதையும் பார்த்துக்கொள்வது சிம்பாங் பூலாயிலிருந்து வரும் சுகுமாரன்தான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவன் வீட்டின் பின்பக்கம் ஏணியைச் சாத்தி ஏறி, சுவரில் மாட்டியிருந்த வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றினான். எதிர்பார்த்தது அங்கேயே இருந்தது. மின் போர்டின் மேல் ஒரு பல்லி, காய்ந்த கறிவேப்பிலைக் காம்பு மாதிரி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் அவருதானா?" என்று கீழேயிருந்து கேட்டார் இப்ராஹிம்.

"இவரு தம்பி, பாய். அண்ணன்தான் போன தடவையே போயிட்டாரே."

இப்ராஹிம் வயிறு குலுங்கச் சிரித்தார். "எடுத்துக் கடாசுலா. பல்லிய அடிச்சா நன்மைன்னு எங்க அத்தா சொல்லுவாரு. நீ என்னமோ மையத்தத் தூக்குற மாதிரி ரெண்டு கையால தூக்குற."

"உங்களுக்கு நன்மை. எங்களுக்குத் தலையில விழுந்தா ஒண்ணு, தோள்ல விழுந்தா ஒண்ணுன்னு காலண்டர் பின்னாடி ஒரு பக்கமே போட்டிருக்கான். செத்து விழுந்தா என்னன்னுதான் போடல."

"அப்ப பசை அட்டை வையி. ஒட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்."

"அந்தப் பாவம் எனக்கு வேணாம் பாய். வராம இருக்க மருந்து வச்சுட்டுப் போறேன். எட்டிக்கூடப் பாக்காது."

இந்த மருந்தால்தான் சுகுமாரனுக்குச் சிம்பாங் பூலாயிலிருந்து பீடோர் வரை பெயர். எலி குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பரைக் கடிக்கும், மாற்றிவிடலாம். எறும்பு ஸ்விட்சுக்குள் கூடு வைக்கும், ஊதித் தள்ளிவிடலாம். பல்லி மட்டும் ஒரு காலைப் போர்டில் வைத்து, வாலை அடுத்த கம்பியில் வைத்து, தன்னையும் போர்டையும் சேர்த்து முடித்துவிடும். சரியான தடுப்பு என்ன என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. போர்டுப் பெட்டியின் ஒவ்வொரு ஓட்டைக்கும் பொடிக்கண் கம்பி வலை அடிக்க வேண்டும். சுவரைத் துளைத்துக் குழாய் போகும் இடத்தை விரல் நுழையாமல் பூசி அடைக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு அரை நாள் பிடிக்கும். சுகுமாரன் தனியாள். அதனால் அவன் வேனில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் கொசுவலைத் துணியில் தைத்த சின்னச் சின்னப் பைகள். ஒரு பைக்குள் ஆறு அந்துருண்டை. துணி அலமாரியில் பூச்சி வராமல் போடும் அதே வெள்ளை உருண்டைதான். கடையில் மலாயில் உபாட் கெகாட் என்று கேட்டால் கொடுப்பார்கள். வெளிப்பெட்டிக்குள் ஒரு பையைக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று மாதத்துக்குப் பல்லி அண்டாது. அது என்னவென்று மனைவியைத் தவிர அவன் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அவரவரே வாங்கி வைத்துக்கொள்வார்களே. மருந்து என்பான். மற்றவர்களும் மருந்து என்று விட்டுவிடுவார்கள்.

புதுப் போர்டை மாட்டி, வெளிப்பெட்டியில் ஒரு பையைக் கட்டிவிட்டு மாடிக்குப் போனான். அறைக்குள் இருந்த பெட்டியின் மேலேயும் பல்லிப் புழுக்கை கிடந்தது. பின்னால் குழாய் வரும் துளையைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் அளவு சந்து. போன தடவையே அடைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனது. இன்று அடைக்கலாம் என்றால் வேனில் இருந்த பூச்சு மண் கல்லாகிக் கிடந்தது. பீடோரில் ஒரு வீட்டுக்காரர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். மேற்கே மழை கட்டிக்கொண்டு வந்தது.

சுகுமாரன் இரண்டாவது பையை எடுத்தான். உள்பெட்டியின் முன்மூடியைத் தூக்கி, வடிகட்டி வலைக்குப் பின்னால் வலது மூலையில் செருகினான். நெடி தெரியாமலிருக்க எலுமிச்சை வாசமுள்ள கழுவும் மருந்தைத் தாராளமாக அடித்தான். சுவரோரமாகப் பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்று சாய்ந்திருந்தது. மேலே குழந்தைக் கட்டிலின் படம். அது அவன் கண்ணில் பட்டது. அதற்கு மேல் எங்கும் படவில்லை.

இப்ராஹிமின் மனைவி ரஹ்மத் வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன தம்பி, ஒரு மாதிரி வாசம்?"

"சர்வீஸ் மருந்துக்கா. ரெண்டு நாள்ல போயிடும்."

"பரவால்ல, சுத்தமா இருக்கிற மாதிரிதான் இருக்கு," என்றார் ரஹ்மத்.

அடுத்த ஐந்து வாரம் அந்த வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஏர்கான் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம்.

ஆறாவது வாரம் புதன்கிழமை மத்தியானம் சுகுமாரன் இப்ராஹிம் கடைக்குச் சாப்பிடப் போனான். கல்லாவில் இப்ராஹிமின் மகன் அக்மல் இருந்தான். அந்த மாடி அறை அவனும் மனைவி ஆஃப்ஷீனும் இருப்பது. இரண்டு நாள் தாடி. எப்போதும் "வாங்கண்ணே, கோழியா ஆடா" என்று கேட்பவன், அன்று தலையை மட்டும் அசைத்தான்.

"என்ன தம்பி, புள்ள பொறந்திருக்கு, இனிப்புக் குடுக்காம மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"வார்டுல இருக்கான்ணே. ரத்தம் ஒடையுதாம்."

"என்னது?"

"பொறந்தப்பவே சொன்னாங்க. ஜி சிக்ஸ் பி டி குறையாம் ரத்தத்துல. மத்தபடி ஒண்ணும் பயமில்ல, உபாட் கெகாட் மட்டும் வீட்டுல இருக்கக்கூடாது, நாட்டு மருந்து எதுவும் குடுக்காதீங்கன்னு கார்டு போட்டுக் குடுத்தாங்க. ஆறு நாள் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புனாங்க. வீட்டுக்கு வந்து ஏழாவது நாளு, கண்ணெல்லாம் மஞ்சள். ஒண்ணுக்கு கோலாத் தண்ணி கணக்கா போவுது. டாக்டரு கேக்குறாங்க, வீட்டுல உபாட் கெகாட் இருக்கான்னு."

சுகுமாரன் கையில் இருந்த தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தான்.

"இருந்துச்சா?"

"ஆஃப்ஷீன் பெட்டியில ஒண்ணு கெடச்சுச்சு. அவங்க உம்மா மௌத்தாப் போனப்ப, அந்தச் சேலையெல்லாம் மடிச்சு ஒரு பெட்டியில போட்டுக் கொண்டாந்தா. அடியில ஒரு உருண்டை, மிளகு அளவுதான். அந்தப் பெட்டி ஸ்டோர் ரூம்ல இருந்துச்சு, கல்யாணம் ஆன நாள்லேருந்து தொறக்கவே இல்லைன்னு அவ சொல்றா. அம்மா நம்பல. அம்மா பிடிச்சா பிடிதான், தெரியும்ல."

"நீ நம்புறியா?"

அக்மல் சில்லறையை எண்ணத் தொடங்கினான். "வேற எங்கேயும் இல்லைண்ணே. அலமாரி, பாத்ரூம், எல்லாம் கொட்டிப் பாத்தாச்சு," என்றான்.

ஜி சிக்ஸ் பி டி என்றால் என்னவென்று சுகுமாரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குறை உள்ள பிள்ளைக்கு அந்துருண்டை வாசம் பட்டாலே ரத்தம் உடையும். அவன் மகன் ஷர்வினுக்கும் அதே குறைதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரிக் கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து அலமாரிக் கதவில் ஒட்டினான். அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் ஓர் அந்துருண்டை நுழைந்ததில்லை. பிஸ்கட் டின்னை வேனைவிட்டு இறக்கியதேயில்லை. வேலை முடிந்து வந்தால் வெளிக்குழாயில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவான். இதெல்லாம் தெரிந்தவன்தான் அந்தக் கட்டில் படத்துக்கு எதிரே நின்று மூடியைத் தூக்கியிருக்கிறான்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அக்மல், நடுவில் ஒரு வாக்கியம்தான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"புள்ள வீட்டுக்கு வரதுக்குள்ள ஒரு தடவை ஏர்கானைக் கழுவி வச்சிடுறேன். தூசி கீசி இருக்கும்."

அக்மல் கல்லாவைவிட்டு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்களாச்சும் நெனச்சீங்களே அண்ணே," என்றான்.

சாப்பிடாமலே கிளம்பி, அப்போதே இப்ராஹிம் வீட்டுக்குப் போனான். ரஹ்மத் கதவைத் திறந்து, கூடவே மாடிக்கு வந்து, அறைக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை ஊறிப்போயிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் காலையும் மாலையும் போட்ட புகை.

"நான் சொன்னேன் தம்பி, பச்சை உடம்புக்காரிக்கு ஏர்கான் எதுக்குன்னு. கேக்கல. வேர்க்குதாம். கதவ சாத்திக்கிட்டு நாளு பூரா ஓட விடுறா. நான் நாலு பெத்தேன், விசிறியைக்கூடப் பாத்ததில்ல."

சுகுமாரன் ஏணியில் ஏறி, முதுகால் மறைத்துக்கொண்டு, மூடியைத் தூக்கினான். பை சுருங்கித் தொங்கியது. உள்ளங்கைக்குள் அமுக்கிப் பார்த்தான். ஆறு உருண்டை வைத்த இடத்தில் இரண்டரைதான் இருந்தது. பையின் ஓரம் பிரிந்து, ஒரு துண்டு கீழே தண்ணீர்த் தட்டில் விழுந்திருந்தது. குளிர்ந்த தகட்டு மடிப்புகளின் மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி.

"அது மட்டுமா? அவ உம்மா பெட்டியக் கட்டிக்கிட்டு வந்திருக்கா. செத்தவங்க சேலை, அதுக்குள்ள மருந்து உருண்டை. கேட்டா எனக்குத் தெரியாதுங்குறா."

பையை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். இனி செய்ய வேண்டியது என்ன என்பதும் தெரியும். முழுப் பெட்டியையும் கீழே இறக்கி, தகட்டையும் தட்டையும் அமுக்கத் தண்ணீரில் கழுவ வேண்டும். மெத்தை, திரைச்சீலை, தலையணை எல்லாவற்றையும் வெளியே போட வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு சன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். அதையெல்லாம் சொன்னால் ரஹ்மத் ஏன் என்று கேட்பார். ஆகவே துணியை நனைத்துத் தகட்டைத் துடைத்தான். தட்டில் விழுந்த துண்டைத் துழாவினான்; விரலுக்கு அகப்பட்டது கொஞ்சம், அகப்படாதது கொஞ்சம். வடிகட்டியைக் கழுவி மாட்டினான்.

"சுத்தமா ஆயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சுக்கா," என்றான்.

பின்பக்கம் போய் வெளிப்பெட்டியில் இருந்த பையையும் அவிழ்த்துக்கொண்டான். இரண்டையும் சிம்பாங் பூலாய் பெட்ரோல் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கழிவறையில் முழங்கை வரை கையைக் கழுவினான். எடுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெள்ளிக்கிழமை பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாக அக்மல் செய்தி அனுப்பினான். கூடவே ஒரு படம். துணிக்குள் சுருண்ட முகம், கண் மூடியிருந்தது. பக்கத்தில் ஆஃப்ஷீனின் கை மட்டும் தெரிந்தது. மேலே, படத்தின் ஓரத்தில், ஏர்கானின் பச்சை விளக்கு.

சுகுமாரன் அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பினான்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, தோசையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது இப்ராஹிம் கூப்பிட்டார். கை ஈரம் என்பதால் சுகுமாரன் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டான். மனைவி குமுதா அடுப்பங்கரையில் நின்றாள்.

"சுகு, நாளைக்கு வந்து அந்த மாடி ஏர்கானக் கழட்டிடுலா. ரெண்டும் வேணாம், உள்ளதும் வெளியதும்."

"ஏன் பாய்?"

"புள்ளைக்கு மறுபடியும் ஆயிடுச்சு. இந்தத் தடவ இழுப்பு வந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா ரத்தத்த மாத்துனாங்க. பொழச்சுக் கெடக்கான். காது கேக்குமா, மூளைக்கு ஒண்ணும் ஆகலையான்னு இப்ப சொல்ல முடியாதாம். ரஹ்மத் சொல்றா, அந்தக் குளிருதான் காரணம்னு. அதோட... அந்தப் பொண்ணத் தெலுக் இந்தானுக்கு அவ அத்தாகிட்ட அனுப்பிடலாம்னு பேச்சு. பெட்டியோட போவட்டும், புள்ள இங்க இருக்கட்டும், புட்டிப்பால் குடுத்துக்கலாம்னு. அக்மலும் சரிங்குறான். எனக்கு ஒண்ணும் ஓடல. நீ நாளைக்கு வா."

"வாரேன் பாய்," என்றான் சுகுமாரன்.

போன் அணைந்தது. தோசை கருகும் வாசம் வந்தது. குமுதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"அந்த வீட்டுல எங்க வச்சீங்க?"

"வெளிய."

"வெளிய மட்டுமா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உள்ளயும் வச்சேன். அப்புறம் எடுத்துட்டேன். எடுத்து ஒண்ணரை வாரம் ஆச்சு."

"எடுத்தேன்னு யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் சொல்லல."

குமுதா சத்தம் போடுவாள் என்று நினைத்தான். போடவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஷர்வின் பச்சப் புள்ளையா இருந்தப்ப, எங்க அக்கா ஊர்லேருந்து வந்தா. அவ பையில அந்த வாசம் வந்துச்சுன்னு வாசல்லயே நிறுத்தி வச்சீங்க. மழையில. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது.

"சொன்னா தொழில் போயிடும், குமுதா. போலீஸ்கூட வரலாம்."

"வரலாம்," என்றாள் குமுதா. "வந்தா நான் சோறு கொண்டாரேன். அதுக்காகப் பெத்தவள அனுப்பிட்டுப் புள்ளைய வச்சுக்குவாங்க, அதப் பாத்துக்கிட்டு நீங்க இங்க தோச திம்பீங்களா?"

அப்போதுதான் சுகுமாரனுக்கு அந்தக் கணக்கு முழுதாக விளங்கியது. நாளை அவன் போய் ஏர்கானைக் கழற்றுவான். கூடவே அந்தப் பெண்ணும் தெலுக் இந்தானுக்குப் போய்விடுவாள். விஷம் அறையைவிட்டுப் போனதும் குழந்தை தேறும். தேறினால், தாயும் அவள் பெட்டியும் போனதால்தான் தேறியது என்று ஆகிவிடும். அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் எடுபடாது. குழந்தை நலமாக வளர வளர, ஒவ்வொரு நாளும் அவளுக்கு எதிரான சாட்சி. சொல்வதாக இருந்தால் இன்றைக்குச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தான். குழந்தைகள் வார்டுக்கு வெளியே நீளமான நடையில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில் ஆஃப்ஷீன் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நான்கு வயதிருக்கும். தலைத்துணியின் ஓரம் வாயில் கடிபட்டிருந்தது. மடியில் ஒரு சின்னப் பால் புட்டி. இறக்கிய தாய்ப்பாலை உள்ளே வாங்கிக்கொள்ள நர்ஸ் மிஸ்ஸி கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள்.

"ஏர்கான் அண்ணன்தானே? மாமா கடைக்குப் போயிருக்காங்க."

"உன்னத்தான் பாக்க வந்தேன்மா."

நின்றுகொண்டே சொன்னான். சொல்வதற்கு எவ்வளவோ இருக்கும் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தான். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. முடித்ததும் அவனுக்குக் கண்ணீர் வந்தது.

"அழாதீங்க," என்றாள் ஆஃப்ஷீன். அதட்டலும் இல்லை, ஆறுதலும் இல்லை. "உக்காருங்க. எங்க வச்சீங்க?"

"உள்பெட்டியில. வலது மூலையில."

"புள்ளை கட்டிலுக்கு மேல."

"ஆமா."

"எத்தனை?"

"ஆறு."

"எடுத்தப்ப எத்தனை இருந்துச்சு?"

"ரெண்டரை."

"மிச்சம் மூணரை எங்க போச்சு?"

ஏர்கான் வேலையில் அது சின்னக் கேள்வி. காற்றில் கரைந்து, அந்த அறைக்குள் போய், தகட்டிலும் மெத்தையிலும் திரையிலும் படிந்தது போக மீதி எங்கே போயிருக்கும் என்பது யாருக்கும் தெரியும்.

"எனக்கு அந்த வாசம் வந்துச்சுண்ணே," என்றாள் அவள். "முதல் நாளே வந்துச்சு. மாமிகிட்டக் கேட்டேன். ஏர்கான்காரன் அடிச்ச மருந்துன்னாங்க. சாம்பிராணி போட்டாங்க. அப்புறம் வாசமே தெரியல. அன்னைக்கு எடுத்தீங்களே, அன்னைக்கு ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு. நானே எங்கயாச்சும் வச்சுட்டு மறந்துட்டேனோன்னு. ஒரு வாரமா ஒவ்வொரு துணியா மோந்து பாக்குறேன். எங்க உம்மா சேலைய எரிச்சுட்டாங்க. சரின்னு நின்னுக்கிட்டிருந்தேன். நாந்தான் போலன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

மிஸ்ஸி கதவைத் திறந்து பாலைக் கேட்டாள். ஆஃப்ஷீன் புட்டியைக் கொடுத்துவிட்டு, "டாக்டர் இருக்காங்களா? எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிடுச்சு. இவரு சொல்லுவாரு," என்றாள்.

சுகுமாரன் எழுந்தான். டாக்டரம்மாளிடம் மலாயில் முதலிலிருந்து சொன்னான். அவர் எழுதிக்கொண்டார். எந்தத் தேதியில் வைத்தது, எந்தத் தேதியில் எடுத்தது, கழுவியது எப்படி என்று கேட்டு எழுதினார். அந்த அறைக்கு இனிப் பிள்ளையைக் கொண்டுபோகவே கூடாது, துணிமணிகூட எதுவும் அங்கிருந்து வரக்கூடாது என்றார். அவனைத் திட்டவில்லை. பேனாவை மூடிவிட்டு ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு அக்மலும் ரஹ்மத்தும் சோற்றுக் கூடையோடு வந்தார்கள். "மறுபடியும் சொல்லுங்க," என்றாள் ஆஃப்ஷீன். சொன்னான். அக்மல் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாத்தினான். "உன் கையப் பிடிச்சு நன்றி சொன்னேனடா," என்றான். அதுவரை அவனை அண்ணே என்று மட்டுமே கூப்பிட்டவன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எழுந்து வந்து விலக்கினார்கள். சுகுமாரன் கையைத் தூக்கவில்லை.

ரஹ்மத் கூடையைக் கீழே வைக்காமல் நின்றார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகி வரும்போல இருந்தது. ஆனால் வாய் பழகிய தடத்திலேயே போனது.

"அவன் வச்சான் சரி. நாளு பூரா அந்த ரூம்லயே கெடந்தாளே, இவளுக்கு மூக்கு இல்லையா?"

ஆஃப்ஷீன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். நடையில் இருந்தவர்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாக்கியம் போதும். அது என்ன வாக்கியம் என்று ரஹ்மத்துக்கும் சட்டென்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் கூடையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆஃப்ஷீன் அதைச் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த கூடையை வாங்கி நாற்காலியின் மேல் வைத்தாள்.

"நான் தெலுக் இந்தானுக்குப் போறேன்," என்று கணவனிடம் சொன்னாள். "புள்ளையோட. டாக்டர் அனுப்புற அன்னைக்கு, இங்கேருந்தே."

"ஆஃப்ஷீன்..." என்றான் அக்மல்.

"எங்க உம்மா சேலைய எரிச்ச அன்னைக்கு நீங்க பேசியிருக்கணும்."

பிறகு சுகுமாரனிடம் திரும்பினாள். அவன் சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல வச்சிருக்கீங்க?"

"வெளிய வச்சது நெறைய. உள்ள வச்சது நாலு வீடு."

"இப்பவே போங்க. எடுத்துட்டு மட்டும் வந்துடாதீங்க. என்னன்னு சொல்லுங்க. ஒவ்வொரு வீட்லயும் நின்னு சொல்லுங்க."

உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதது. யாருடையது என்று தெரியவில்லை. ஆஃப்ஷீன் கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு அவனை அவள் பார்க்கவில்லை.

வேனுக்கு வந்ததும் சுகுமாரன் முதல் எண்ணை அழுத்தினான். பீடோரில் புஷ்பலதா என்கிற டீச்சர் வீடு. போன மாதம் படுக்கையறையில் வைத்தது.

"ஏர்கான் அண்ணனா? சொல்லுங்கண்ணே," என்றாள் புஷ்பலதா.

"டீச்சர், அந்த மருந்த எடுக்கணும். இப்ப வாரேன்."

"எதுக்குண்ணே எடுக்கணும்? நல்லா வேலை செய்யுதுலா. ஒரு பல்லியக்கூடக் காணோம். என் தங்கச்சிகூட வேணும்னு கேட்டா, உங்க நம்பரக் குடுத்திருக்கேன்."

"வீட்டுல சின்னப் புள்ள யாராச்சும் இருக்காங்களா டீச்சர்?"

"என் தங்கச்சிதான் வந்திருக்கா. பிரசவத்துக்கு," என்றாள் புஷ்பலதா.

"அவங்கள அந்த ரூம்ல இருந்து வெளிய வரச் சொல்லுங்க டீச்சர். ஏர்கான நிறுத்திட்டு, சன்னலத் தொறந்து விடுங்க. நான் வச்சது மருந்து இல்ல," என்று சுகுமாரன் ஆரம்பித்தான்.